டம்மிகளுக்குச் சட்டை தைத்தவர்

கார்களைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை மையம் ஒன்றில் நான் பதினாறு வருடம் கேமராக்காரனாக இருந்தேன். உட்கார்ந்திருப்பவர்கள் என்றால் மனிதர்கள் இல்லை, டம்மிகள். எஃகு எலும்பு, ரப்பர் தோல், நெஞ்சுக்குள்ளும் தலைக்குள்ளும் அதிர்ச்சியை அளக்கும் சென்சார்கள். அந்த டம்மிகளுக்குச் சட்டை தைக்க வந்தவரைத்தான் நாங்கள் தையலக்கா என்று கூப்பிடுவோம்.

அவர் வந்ததே தற்செயல்தான். அதற்கு முன் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் பதினெட்டு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வரும் சட்டைகளை விளக்குக்குக் கீழே விரித்து, ஒரு நூல் விலகியிருந்தாலும் திருப்பி அனுப்பும் வேலை. ஆலை மூடிவிட்டது. எங்கள் மையத்திலோ டம்மிகளின் உடுப்பு கப்பலில் வரவேண்டும். ஒரு மோதலுக்கு ஒரு சட்டை கிழியும். அடுத்தது வந்து சேர மூன்று மாதம் ஆகும். உள்ளூரிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று முடிவானபோது, கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து நின்றார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது.

முதல் நாள் டம்மி அறையைக் காட்டி, உள்ளே போய் அளவெடுக்கச் சொன்னோம். போன வேகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உள்ளே ஏழு பேர் துணி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அப்புறம் வருகிறேன் என்றார். விஷயம் புரிந்தபின் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பேருக்கும் பெயர் வைத்தாயிற்று. எழுபத்தெட்டு கிலோ ஆண் டம்மி மாப்பிள்ளை. நாற்பத்தொன்பது கிலோ பெண் டம்மி சின்னம்மா. மூன்று வயதுக் குழந்தை அளவில் இருந்தது குட்டி. டம்மியின் விலா எலும்பு சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும் என்பதால் அந்த அறையை ராத்திரி பகல் பாராமல் ஒரே குளிர்ச்சியில் வைத்திருப்போம். இவர்களுக்குக் கிடைக்கிற கவனிப்பு என் வீட்டில் யாருக்குக் கிடைக்கிறது என்பார் அக்கா, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

தைக்க மட்டும் வந்தவர், ஒரு வருடத்தில் டம்மிகளைத் தயார் செய்யும் வேலை முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டார். உடுப்பு மாட்டுவார், சீட்டில் உட்காரவைத்து முழங்கால் இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்வார், பெல்ட் போடுவார். கடைசியாக முகத்தில் பெயின்ட் பூசுவார். நெற்றிக்கு ஒரு நிறம், மூக்குக்கு ஒரு நிறம், முழங்காலுக்கு ஒரு நிறம். மோதிய பிறகு காற்றுப்பையில் எந்த நிறம் ஒட்டியிருக்கிறது, டாஷ்போர்டில் எந்த நிறம் என்று பார்த்தால், எந்த உறுப்பு எங்கே போய் இடித்தது என்பது தெரிந்துவிடும்.

அவர் பார்த்த முதல் மோதல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணிக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர் வேகம். கண்ணாடிக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றிருந்தார். கார் வந்தது, ஒரு சத்தம், முடிந்தது. இவ்வளவுதானா என்று கேட்டார். பத்தில் ஒரு நொடி, அவ்வளவுதான் என்றேன். பிறகு அந்தப் பத்தில் ஒரு நொடியை என் கேமராவில் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். அங்கேதான் அவர் முகம் மாறியது. முதலில் கார் சுவரில் மோதி நிற்கிறது. மாப்பிள்ளைக்கு அது இன்னும் தெரியாது. அவர் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறார். பெல்ட் அவரைப் பிடிக்கிறது. வெளியே உடம்பு நின்ற பிறகும், உள்ளே இருக்கிற ஈரலும் மூளையும் போய்க்கொண்டிருக்கும். அவை விலாவிலும் மண்டை ஓட்டிலும் போய் இடிக்கும். ஆக ஒரு விபத்தில் மூன்று மோதல். அக்கா படத்தை நான்கு தடவை பார்த்தார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரம் உக்காந்து தச்ச சட்டை" என்று மட்டும் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக் கதைகள் வரும். அக்காவின் கணவர் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர், சாது. பதினோரு வயது மகள் ஒருத்தி, படம் வரைவாள். கதைகளில் பெரும்பங்கு மாமனாருக்குத்தான். நாற்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஒரு கீறல்கூட விழாமல் நாற்பது வருடம் ஓட்டியவருக்கு, நேற்று வேலைக்குச் சேர்ந்த மருமகள் பெல்ட் பற்றிப் பாடம் எடுப்பது பொறுக்கவில்லை. அவர்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. முன்பு அதை வைத்திருந்தவர் பின்சீட்டு பெல்ட்டுகளைச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டிருந்தார். எக்ஸ்பிரஸ் அதன் மேலேயே சாய்ந்து, காலை நீட்டி, பாதி படுத்த மாதிரி உட்கார்ந்து வருவார்.

இந்தக் காலத்துக் கார்கள் தகர டப்பா, இடித்தால் அப்பளமாக நொறுங்குகின்றன, என் பஸ் அப்படியா என்பது அவருடைய நிரந்தர வாதம். அக்கா காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாராம். "முன்பக்கம் நசுங்கறதுக்குன்னே செஞ்சிருக்காங்க மாமா. அது நசுங்க நசுங்க வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். வண்டி நசுங்கலைன்னா உள்ள இருக்கற ஆளு நசுங்குவாரு." எக்ஸ்பிரஸ் அசரமாட்டார். நசுங்குகிறவன் முன்னால் உட்கார்ந்திருப்பவன்தானே, நான் பின்னால்தானே இருக்கிறேன், எனக்கென்ன என்பார்.

அக்கா வந்து நான்காவது வருடம்தான் அந்தச் சட்டை விவகாரம் நடந்தது. புதிய கார் மாடல் ஒன்று சோதனைக்கு வந்திருந்தது. சின்னம்மாவைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்தோம். மோதியது. தலை, கழுத்து, நெஞ்சு, எல்லா எண்களும் நன்றாக வந்தன. எங்கள் பொறியாளருக்குப் பரம திருப்தி. அவரை நாங்கள் தசமம் என்போம். மணி என்ன என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துத்தான் சொல்வார். அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வழக்கம்போல சின்னம்மாவின் சட்டையைக் கழற்றினார். கழற்றியவர் அதை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் விரித்தார். வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். பெல்ட் இறுக்கிப் பிடித்தால் துணியில் ஒரு பளபளப்பு விழும், இஸ்திரி போட்ட மாதிரி. அந்தக் கோடு இடுப்பெலும்பின் மேல் விழுந்திருக்கவேண்டும். இங்கே அது நான்கு விரல் மேலே, வயிற்றின் நடுவில் கிடந்தது. கூடவே பின்பக்கத் தையல் கீழிருந்து மேலாக இழுபட்டிருந்தது.

அதாவது, மோதிய நேரத்தில் சின்னம்மா முன்னோக்கி மட்டும் போகவில்லை. சீட்டின் மெத்தை அமுங்கி, இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவி இறங்கியிருக்கிறது. எலும்பைப் பிடிக்கவேண்டிய பெல்ட் வயிற்றைப் பிடித்திருக்கிறது. வயிற்றில் எலும்பு கிடையாது. குடலும் ஈரலும் மண்ணீரலும்தான். நிஜப் பெண்ணாக இருந்தால் வெளியே ஒரு காயமும் தெரியாமல் உள்ளே ரத்தம் கசிந்திருக்கும். எங்களிடம் இருந்த சின்னம்மாவுக்கோ வயிற்றில் சென்சார் கிடையாது. படத்தில் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் என் கேமராவுக்கும் அவள் இடுப்புக்கும் நடுவில் கதவின் கைப்பிடி மறைத்துக்கொண்டிருந்தது. கேமராவை அங்கே வைத்தவன் நான்தான்.

தசமத்திடம் போனோம். எண்கள் சரியாக இருக்கின்றன என்றார். காரிலிருந்து தூக்கும்போது சட்டை மேலே ஏறியிருக்கும் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"சார், தூக்கும்போது ஏறுனா துணி சுருங்கும். இது சுருங்கல, இழுபட்டிருக்கு. பதினெட்டு வருஷமா நான் இத மட்டும்தான் பாத்திருக்கேன். எண்ணு பத்தி நீங்க சொன்னா நான் கேக்கறேன். துணி பத்தி நான் சொன்னா நீங்க கேளுங்க."

தசமம் பேனாவை மூடி வைத்தார். கோபமா யோசனையா என்று எனக்குத் தெரியவில்லை. கார்க் கம்பெனியோ அறிக்கைக்காகக் காத்திருந்தது; இன்னொரு மோதல் என்றால் இன்னொரு கார், இன்னொரு மாதம். ஆனாலும் அவர் நேர்மையானவர். இரண்டு நாள் அந்தச் சட்டையை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுசோதனைக்கு எழுதினார்.

இந்தத் தடவை அக்கா ஒரு புதுச் சட்டை தைத்தார். விலாவுக்குக் கீழிருந்து தொடை வரை ஒவ்வொரு அங்குலத்துக்கும் கறுப்பு நூலால் ஒரு குறுக்குக்கோடு. சின்னம்மா அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பார்க்க நோட்டுப் புத்தகம் மாதிரி இருந்தாள். நான் கதவுக்குள்ளேயே துளை போட்டு ஒரு சின்ன கேமராவைப் பொருத்தினேன். மோதியது. நாங்கள் மூவரும் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பெல்ட் மேலிருந்து ஆறாவது கோட்டில் தொடங்கியது. ஐந்து, நான்கு, மூன்று. கோடுகள் ஒவ்வொன்றாகப் பெல்ட்டுக்கு அடியில் மறைந்துகொண்டே போயின. தசமம் படத்தை நிறுத்தினார். நாற்காலியைத் திருப்பி, "நீங்க சொன்னதுதான் சரி. என் அறிக்கை தப்பு" என்றார். புள்ளி வைக்காமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

கார்க் கம்பெனிக்காரர்கள் வந்து கோடுபோட்ட சட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து மாதம் கழித்துச் சீட்டை மாற்றிக் கொண்டுவந்தார்கள். மெத்தையின் முன்பகுதிக்கு அடியில் ஒரு இரும்பு மேடு. நழுவப் பார்க்கும் இடுப்பை அது தடுத்து நிறுத்தும். மூன்றாவது மோதலில் சின்னம்மா நகரவில்லை; பெல்ட் ஆறாவது கோட்டிலேயே கிடந்தது.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது எக்ஸ்பிரஸ் குறுக்கே பேசாமல் கேட்டாராம். கடைசியில், அப்படியானால் காலை நீட்டிப் படுத்த மாதிரி உட்காருகிறவன் இன்னும் சுலபமாக நழுவுவானே என்று அவரே சந்தேகம் கேட்டிருக்கிறார். அக்கா ஆமாம் என்றார். அதன் பிறகும் அவர் காலை நீட்டித்தான் உட்கார்ந்தார். பெல்ட்டும் போடவில்லை.

அடுத்த வருடம் மையத்தில் குடும்பத்தினர் வந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்கினார்கள். எக்ஸ்பிரஸ் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, ஷூ போட்டு, தன் பழைய லைசென்ஸையும் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பேத்தி ஏன் என்று கேட்டதற்கு, இது வண்டி சம்பந்தப்பட்ட இடம், கேட்டால் காட்டவேண்டும் என்றாராம். அன்றைய சோதனையில் முன்சீட்டில் மாப்பிள்ளை பெல்ட்டோடு. அவருக்கு நேர்பின்னால் இன்னொரு டம்மி பெல்ட் இல்லாமல். மோதிய பிறகு நான் படத்தைப் பெரிய திரையில் ஓட்டினேன். மாப்பிள்ளையைப் பெல்ட் பிடித்தது, காற்றுப்பை தாங்கியது. பிழைத்தார் என்று நினைக்கும்போதே பின்னால் இருந்தவர் அப்படியே முழுசாகப் பறந்து வந்து முன்சீட்டின் முதுகில் விழுந்தார். சீட்டு மடிந்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் சப்பட்டையானார்.

எக்ஸ்பிரஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற தன் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"நான் போனா போறேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்டா. உன் மேல வந்து விழுவேன்னு தெரியாதே."

மறுநாள் காலை அக்கா எழுந்து பார்த்தபோது, காரின் பின்சீட்டு கழற்றப்பட்டு வீட்டு வாசலில் கிடந்தது. எக்ஸ்பிரஸ் அடியில் கிடந்த பெல்ட்டுகளை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயப்போட்டிருந்தார். பக்கிளுக்குள் அடைந்திருந்த பிஸ்கட் துகளை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தார். அதன்பின் காரில் ஏறினால் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கையால் பக்கிளை மாட்டி, கிளிக் சத்தம் கேட்டு, பேத்தியின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பவேண்டும். அக்காவுக்கு ஏக சந்தோஷம். வீட்டையே திருத்திவிட்டேன் என்று எங்களிடம் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டார்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு மூன்று மாதம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகளின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி. போகிற வழியில் கடையில் கொடுத்துவிடலாம் என்று, பழுதாகிக் கிடந்த வீட்டுத் தையல் மெஷினின் தலைப்பகுதியை அக்கா ஒரு போர்வையில் சுற்றிப் பின்சீட்டில், மாமனாருக்கும் மகளுக்கும் நடுவில் வைத்தார். வார்ப்பிரும்பு. பதினோரு கிலோ. அவர் முன்சீட்டில், கணவருக்குப் பக்கத்தில். நால்வரும் பெல்ட் போட்டாயிற்று.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். சந்து ஒன்றிலிருந்து ஒரு வேன் திடீரென்று குறுக்கே வந்தது. கணவர் பிரேக்கை மிதித்தார். கால் பெடலைத் தொட்டபோதே இடித்துவிட்டது. இத்தனை வருடம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்ததை அன்றைக்கு உள்ளே இருந்து பார்த்தேன் என்று அக்கா பிற்பாடு சொன்னார். பெல்ட் நெஞ்சைப் பிடித்தது தெரிந்ததாம். சரி, நின்றுவிட்டோம் என்று நினைத்த அந்த நேரத்தில், முதுகில் யாரோ கடப்பாரையால் குத்திய மாதிரி ஒரு அடி. மெஷின் நிற்கவில்லை, அது இன்னும் நாற்பதிலேயே வந்துகொண்டிருந்தது.

கணவருக்குத் தோளில் பெல்ட் பட்ட சிராய்ப்பு. மகளுக்கும் மாமனாருக்கும் அதுவும் இல்லை. வேன்காரருக்கு விரலில் கட்டு. அக்காவுக்கு மட்டும் முதுகுப்பக்கம் இரண்டு விலா எலும்பு விரிசல். சீட்டின் முதுகு நடுவே இருந்ததால் இதோடு போயிற்று என்றார் மருத்துவர். வலியில் மூச்சு விடவே பயந்து சாலையோரத்தில் உட்கார்ந்திருந்த மருமகளுக்குப் பக்கத்தில் எக்ஸ்பிரஸ் மெல்லக் குந்தினார். தண்ணீர் குடிக்கவைத்தார். காருக்குள் சீட்டு முதுகில் பாதி புதைந்திருந்த மெஷினை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அதுக்கு பெல்ட் போடல?"

சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை அடக்கவும் முடியாமல் அக்கா பட்ட அவஸ்தை, இடித்தபோது பட்டதைவிட மோசமாம்.

மறுவாரம் நானும் தசமமும் பார்க்கப் போனோம். ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். தசமம் பழப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, மெஷின் எவ்வளவு விசையோடு வந்து விழுந்தது என்பதைச் சொல்லிவிட்டார். இருநூற்று எழுபத்தாறு புள்ளி மூன்று கிலோ எடை ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். அக்கா அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, பின்சீட்டில் மகள் மடியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். தசமம் அதைக் கணக்குப் போடவில்லை. ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார்.

அக்கா எங்களிடம் ஒன்று மட்டும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆட்களை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டது; காருக்குள் இருக்கும் எதுவும் வேகத்தோடுதான் வருகிறது என்பது தனக்குத் தெரிந்தும் தோன்றவில்லை. பெருமை அடித்துக்கொண்டதுதான் வெட்கமாக இருக்கிறது என்றார். அதற்கு எக்ஸ்பிரஸ், நான் நாற்பது வருடம் அடித்துக்கொண்டேன், நீ மூன்று மாதம்தானே என்றார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். வந்ததும் தசமத்திடம் பேசி, சோதனைப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கவைத்தார். பின்பக்கம் சாமான் ஏற்றிய பெட்டிகளோடு ஒரு மோதல்; சீட்டின் முதுகு தாங்குகிறதா என்று பார்க்க. அதற்கான பெட்டிகளுக்கு உறை தைத்தவரும் அவர்தான்.

அதோடு நிற்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டு வருவதற்குப் பதில் ஓட்டக் கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றி, நாற்பத்துநாலாவது வயதில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார். எக்ஸ்பிரஸ் தானே கற்றுத் தருகிறேன் என்று முன்வந்தார். குடும்பம் நன்றாக இருக்கவேண்டும் என்று அக்கா மறுத்துவிட்டார். பள்ளி மாஸ்டர் முப்பது வருட அனுபவசாலி. முதல் நாள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அக்கா வண்டியைக் கிளப்பவில்லை. மாஸ்டரின் தலைக்குப் பின்னால் இருந்த ஹெட்ரெஸ்ட்டை உயர்த்தினார். சீட்டைக் கொஞ்சம் நிமிர்த்தினார். இடுப்பு பெல்ட்டைக் கீழே இழுத்து எலும்பின் மேல் படியவைத்தார். டாஷ்போர்டு மேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கதவுப் பையில் செருகினார். முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் இருக்கும் இடைவெளியைக் கையால் சாண் போட்டு அளந்தார்.

மாஸ்டர் லேசாக வெளிறிப்போய், "ஏம்மா, இதுக்கு முன்னாடி நீங்க வண்டி ஓட்டி ஏதாவது ஆயிருக்கா?" என்று கேட்டாராம்.

"இல்ல சார், இதான் முதல் தடவ. சும்மா ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா கிளட்சை மிதித்தார்.

லைசென்ஸ் இரண்டாவது தடவையில் கிடைத்தது. முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைத் தொட்டுவிட்டார். என்ன வேகத்தில் தொட்டது என்று தசமம் கேட்டார். அக்கா சொல்ல மறுத்துவிட்டார்.